டொக்டர் ரெஜினாவும் மூன்றாம் பல்லும்

“நானா, உங்கட எதிரி மௌத்தாப் போயிட்டா” என்று பால் எடுக்க வரும் ரிஸ்வான் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே சொன்னான். யார் என்று நான் கேட்கவில்லை. என் எதிரி யார் என்பது எங்கள் ஊர் கனமூலையில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மிருக வைத்தியர் டொக்டர் ரெஜினா. ஓய்வு பெற்றபின் சிலாபத்தில் தம்பியின் வீட்டில் இருந்தவர், காலையில் எழும்பித் தேநீர் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் கதிரையிலேயே போய்விட்டாராம். என் வாய் தன்பாட்டில் ‘இன்னாலில்லாஹ்’ என்றது. நான் சொல்லச் சொல்லவில்லை.

“என்ன நானா, இப்ப சந்தோஷமா?” என்றான் ரிஸ்வான்.

“பால ஊத்திக்கொண்டு போ” என்றேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் சாலிஹ் பயந்துவிட்டான் என்று கதை வரும். வீதி நெடுக வெள்ளைக் கொடி. மதிலில் கட்டிய பதாகையில் அவருடைய படமும், கீழே ‘வாயில்லா ஜீவன்களின் அன்னை’ என்ற வரியும். அவர் யாருக்கும் அன்னை இல்லை. அவருடைய மணம் பட்டாலே மாடுகள் பின்வாங்கிச் சாணம் போடும். அதை நான் என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் எழுந்து, டொக்டர் வாழ்நாளில் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார். நான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இறந்தவர் பொய்யை வெறுத்தவர். அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொல்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அவருடைய தம்பி ஸ்டீபன் மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம்.

“அக்காவோட கிட்ட நிண்டு வேலை செஞ்ச ஆள் இப்ப நீங்க மட்டும்தான் நானா. நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ.”

“நல்லது மட்டும் வேணுமெண்டா வேற ஆளைப் பாருங்க மாஸ்டர்.”

“சரி, உங்களுக்குப் பட்டத எழுதுங்க.”

எனக்குப் பட்டதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொக்டர் ரெஜினா இருபத்தைந்து வருடங்களாக என்னிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பகை என்பது அவ்வளவுதான்.

அவரை முதலில் கண்டது மதுரங்குளிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில். அங்கே மாடுகள் என் பொறுப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாட்டு வைத்தியம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்த மாட்டைப் புதைக்கும் முன் அறுத்துப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று படித்தேன். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளை எழுத்துக் கூட்டி வாசித்து ஆங்கிலம் படித்தேன். ஒருநாள் பயற்றங்கொடி தின்று வயிறு ஊதிய மாடொன்றை, இடது விலாவுக்குப் பின்னால் கத்தியால் குத்திக் காற்றைப் போக்கிக் காப்பாற்றியிருந்தேன். புதிதாக வந்த டொக்டர் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார். சின்ன உருவம், ஆண்களின் சேட்டு, காலில் முழங்கால் வரை இறப்பர் சப்பாத்து. என்னைவிட ஆறு வயது இளையவர்.

“யாரு குத்தினது?”

“நான்தான் டொக்டர்.”

“இடம் சரி. இந்தக் கத்தி வேற என்னத்துக்குப் பாவிக்கிறது?”

“மட்டை வெட்ட.”

“அப்ப இந்த மாடு இண்டைக்கு வயித்துக் காத்தால சாகாது, வாற கிழம சீழால சாகும். கெட்டித்தனத்தோட கொஞ்சம் சவுக்காரமும் வேணும் நானா.”

தோட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சொன்னபடியே சீழ் பிடித்தது. அவர் ஒன்றுவிட்ட ஒருநாள் வந்து கழுவி, மருந்து வைத்து, மாட்டை எழுப்பிவிட்டார். கடைசி நாள் போகும்போது என் கையில் கை கழுவும் சவுக்காரக் கட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அவமானத்தையும் காகிதத்தில் சுற்றித் தருகிறவர் அவர்.

பிறகு படிப்புக்காக வெளிநாடு போய் வந்தார். வந்தபோது அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. மாட்டுக்கு மயக்கவாயு எவ்வளவு வேண்டும் என்ற பைத்தியம்.

“புத்தகத்தில இருக்கிற இலக்கமெல்லாம் வெளிநாட்டு மாட்டுக்கு அளந்தது நானா” என்றார். “அது குளிர்ல வளந்த பெரிய மாடு. நம்மட நாட்டு மாடு இந்த வெயில்ல காஞ்ச புல்லுத் திண்டு, எலும்பும் தோலுமா நிக்குது. இதுக்கு எவ்வளவு போதுமெண்டு இஞ்ச ஆரும் அளந்து நான் காணல்ல.”

“கூடக் குடுத்தா?”

“நெஞ்சு நிண்டிடும்.”

“குறையக் குடுத்தா?”

“வெட்டக்குள்ள தெரியும்.”

யாருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு கோடைக்கு மட்டும் என்று எங்கிருந்தோ மயக்கவாயு இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். தோட்டத்தின் பழைய கொப்பறாக் கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அதற்குள் வைத்தோம். எட்டுப் பசுக்கள். ஒன்றும் சாகக்கூடாது, எல்லாம் மந்தைக்குத் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. எனக்குச் சம்பளத்தோடு ஒரு பெயரும் தந்தார்: ‘உதவியாளர்’. நான் உதவியாளன் இல்லை. கயிறு போட்டு மாட்டை நோகாமல் விழுத்தத் தெரிந்தவன் அந்தக் கொட்டிலில் நான் ஒருவன்தான்.

வேலை இப்படி. முதல் நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் படுக்க வைத்ததும் தின்றது தொண்டைக்கு வரும், மூச்சுக்குள் போகும். நான் மாட்டை விழுத்துவேன். அவர் மூக்கில் முகமூடியைப் பிடித்து வாயுவை விடுவார். மாடு தளர்ந்ததும், முழங்கை வரை வாய்க்குள் கையை விட்டு, தொண்டையைத் தடவி மூச்சுக்குழாயில் குழாயை இறக்குவார். எத்தனை தரம் கடி வாங்கியிருப்பார் என்பது அவருடைய வலது கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு தலைமாட்டில் இயந்திரத்தோடு அவர். காலடியில் நான். நடுவில் மாட்டின் வயிறு மேடு மாதிரி. நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

என் கையில் ஒரு கவ்வி. வாயில் இறப்பர் மாட்டியது, பிடியில் பற்கள் உள்ளது. அழுத்த அழுத்த ஒவ்வொரு பல்லாகப் பூட்டிக்கொள்ளும். குளம்புக்கு மேலே பின்பக்கம் இருக்கும் சின்னக் குளம்பில் அதை வைத்து, மூன்றாம் பல்லில் பூட்டி, ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அது நோவு. எல்லா மாட்டுக்கும் ஒரே நோவு. தலைமாட்டிலிருந்து “அசைவு?” என்பார். காது துடித்தால் கணக்கில்லை. விழுங்கினால் கணக்கில்லை. தலையைத் தூக்க வேண்டும், அல்லது காலை இழுக்க வேண்டும். அசைந்தால் வாயுவைக் கொஞ்சம் கூட்டுவார். அசையாவிட்டால் கொஞ்சம் குறைப்பார். கால்மணி நேரத்துக்கு மேல் பொறுத்திருந்து மறுபடி கவ்வி. அசையவிட்ட அளவுக்கும் அசையாமல் வைத்த அளவுக்கும் நடுவில் உள்ளதுதான் அந்த மாட்டின் இலக்கம். அதை ஒரு தாளில் எழுதுவார். ஒரு மாட்டுக்கு ஒரு தாள்.

அந்தக் கொட்டிலில் அவர் பேசவிடமாட்டார். வெயில் ஓட்டைப் பிளக்கும், களப்புக் காற்று ஒரு சொட்டு உள்ளே வராது, வாயைத் திறந்தால் “உஸ்” என்பார். முதல் நாளே என் பீடிக்கட்டைச் சேட்டுப் பையிலிருந்து இழுத்தெடுத்துக் கிணற்றில் எறிந்தார். ஒக்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் கூரையோடு பறப்போம் என்றார். அது சரிதான். ஆனால் கேட்டு வாங்கியிருக்கலாம். சாப்பாட்டுக்கு எங்களோடு உட்கார மாட்டார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்பார். ஒரு மாடு எழும்பும்போது தடுமாறினால் என்னைப் பார்த்துக் கத்துவார். எழும்பி நின்றுவிட்டால் மாட்டைத் தட்டிக்கொடுப்பார். என்னைத் தட்டிக்கொடுத்ததில்லை.

நாலு மாடு முடிந்தது. நாலுக்கும் இலக்கம் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பை அப்போதுதான் கண்டேன். ஐந்தாவது, ஒரு சிவலைப் பசு. அதன் இலக்கம் கீழே போய்விட்டது. மற்ற மாடுகள் துள்ளும் அளவில் அது கல் மாதிரிக் கிடந்ததாம்.

அடுத்த நாள் காலை நான் போனபோது அவர் சிவலையின் பின்னங்காலைத் தூக்கிவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். கவ்வி பிடித்த தழும்பைப் பார்க்கிறார். தோட்டச் சொந்தக்காரரும் தேங்காய் பறிக்கிறவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சாலிஹ், இது மூண்டாம் பல்லா, ரெண்டாம் பல்லா?”

அதுவரை என்னை அவர் அண்ணன் முறையில் ‘நானா’ என்று மட்டுமே கூப்பிட்டவர். அன்று ‘சாலிஹ்’.

“மூண்டு” என்றேன்.

“தழும்பு ஆழமில்ல. மத்த மாட்டுக்கெல்லாம் ஆழமா இருக்கு.”

“அதுட தோல் தடிப்பு.”

“உண்மையச் சொல்லுங்க, கோவிக்க மாட்டன்.”

“இப்பவே கோவத்திலதானே கேக்கிறீங்க.”

“இந்த மாட்டில மட்டுமா, முந்தின நாலிலயுமா? அத மட்டும் சொன்னாப் போதும். இது ஒண்டு மட்டுமெண்டா, இதுட இலக்கத்த வெட்டிப்போட்டு மிச்சத்த வச்சிருப்பன். எதெண்டு தெரியாட்டி அஞ்சும் குப்ப.”

“என்ட கை பொய் சொல்லாது டொக்டர்.”

“பொய் சொல்லல்ல. இரங்குது” என்றார். “நீங்க இரங்கினா இலக்கம் குறையும். அந்தக் குறைஞ்ச இலக்கத்த நம்பி நாளைக்கு ஒராள் கத்தி வைப்பான். அந்த மாடு முழிச்சுக்கொண்டு கிடக்கும். இதயா இரக்கமெண்டு சொல்றது?”

“சாலிஹ் நானாட கைக்கு இரக்கமா?” என்று தேங்காய் பறிக்கிறவர்களில் ஒருவர் சொன்னார். “நாங்க அடி வாங்கக்குள்ள இந்த விஷயம் தெரியாமப் போச்சே!”

தோட்டச் சொந்தக்காரர்கூடச் சிரித்தார். நான் கவ்வியை இயந்திரத்தின் மேல் வைத்தேன். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கனமூலைக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை.

அவர் வேறொருவரை வைத்து மிச்சம் மூன்று மாட்டையும் முடித்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த மூன்றின் பக்கத்தில் தானே வந்து குந்தியிருந்து ஒவ்வொரு பல்லாக எண்ணினாராம். ஆனால் எட்டில் ஐந்து சந்தேகம் என்றால் எதையும் எழுத முடியாது என்பார். இயந்திரம் போய்விட்டது. மறுபடி இரவல் கிடைக்கவில்லை. அந்த இலக்கம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அவரோடு படித்தவர்கள் மேலே மேலே போக, இவர் ஜீப்பில் மாட்டுப்பட்டி மாட்டுப்பட்டியாகத் திரிந்தார். அதற்கும் காரணம் நான்தான் என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு. பேசட்டும்.

அதன் பிறகுதான் கேள்வி தொடங்கியது. மதுரங்குளிச் சந்தையில் கண்டால் மரக்கறிப் பையோடு நேரே வருவார். “நானா, எந்த மாடு?” நான், “எல்லாம் மூண்டாம் பல் டொக்டர்” என்பேன். என் மகளின் கலியாணத்துக்கு நான் அழைக்கவில்லை. என் மனைவி அழைத்திருக்கிறாள். வந்தார், புரியாணி சாப்பிட்டார், பிள்ளைக்கு ஒரு நல்ல சேலை கொடுத்தார், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “எந்த மாடு நானா?” என்றார். என் சம்பந்தி, மாடு விற்பதில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு முறை அவரை நானே கூப்பிட வேண்டி வந்தது. கண்டக்குழியிலிருந்து வாங்கி வந்த கறவைப் பசு தீனி எடுக்காமல் வாடியது. அங்கே கரையில் மேய்ந்தபோது பழைய நைலோன் வலையைத் தின்றிருக்கிறது. வயிற்றைத் திறந்து எடுக்காவிட்டால் சாகும். வேறு டொக்டர் கிடைக்கவில்லை. அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாயு இயந்திரம் ஏது? விலாவில் ஊசி போட்டு மரக்கச் செய்து, மாட்டை நிற்க வைத்தே கீறினார். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய கை தோள் வரை மாட்டுக்குள் இருக்கிறது. வலைத்துண்டு ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அப்போது என் முகத்தைப் பார்த்தார்.

“இப்பயாவது சொல்லுங்க நானா. எந்த மாடு?”

“டொக்டர், என்ட மாட்டுட வயிறு திறந்து கிடக்கு.”

“அதாலதான் கேக்கிறன். இதுக்கு நோகுதா இல்லயா எண்டு உங்களுக்கு இப்பத் தெரியணுமா, வேணாமா?”

“எல்லாம் மூண்டாம் பல்.”

“சரி” என்றார். நெருக்கமாக, ஒழுங்காகத் தைத்தார். அவ்வளவு சுத்தமான தையலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மாடு பிழைத்தது. அதன்பின் நாலு கன்று போட்டது. என் மனைவி கொண்டுவந்த தேநீரை அவர் குடிக்காமல் போனார். அது வீட்டுக்கு ஒரு பெரிய குறை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

கடைசியாகப் பேசியது சென்ற பெருநாளுக்கு. சிலாபத்திலிருந்து வாழ்த்துச் சொல்ல எடுத்தார். மழை பற்றிக் கேட்டார். தவிடு கிடைக்கிறதா என்றார். என் முழங்கால் நோவுக்கு என்ன மருந்து என்று கேட்டு, அது வேண்டாம், இதைப் போடு என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. “சரி நானா, வைக்கிறன்” என்று வைத்துவிட்டார்.

அவர் கேட்ட எல்லா முறையும் எனக்குக் கோபம் வந்தது. அந்த முறை வந்த கோபம் போல ஒன்று வந்ததில்லை. இத்தனை வருடம் என்னைத் துளைத்தவர், என்னால் இனிப் பிரயோசனமில்லை என்று தீர்மானித்துவிட்டார். அதை முடிவெடுக்க அவர் யார்?

இந்தக் கட்டுரையை எழுத முடியாது என்று நேரில் சொல்லத்தான் போன கிழமை சிலாபத்துக்குப் போனேன். ஸ்டீபன் மாஸ்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.

“அக்காட மாட்டுக் கடுதாசி நானா. அவட்ட படிச்ச ஒரு டொக்டர் பிள்ள கேக்குது, பாவிக்கலாமா எண்டு. அக்கா பிழை எண்டுதானே சொல்லிக்கொண்டிருந்தவ. குடுக்கவா, எரிக்கவா?”

எட்டுத் தாள். மூலையெல்லாம் கறையான் அரித்திருந்தது, நடுவில் எழுத்து அப்படியே இருந்தது. குப்பை என்று சொன்னவர் ஒன்றைக்கூடக் குப்பையில் போடவில்லை. ஒன்றின் மேலும் கோடு கிழிக்கவும் இல்லை. எந்தத் தாளில் கிழிப்பது என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தான்.

இனி எழுதுவதை ஸ்டீபன் மாஸ்டர் ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சிட வேண்டும்.

ஐந்தாவது மாடு. சிவலை. அது மட்டும். கவ்வியை வைத்தபோது அதன் கண்ணிலிருந்து நீர் வடிந்து மூக்கு வரை வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மயக்கத்தில் கண்ணீர் வருவது சுரப்பியின் வேலை, அழுகை இல்லை என்று டொக்டர் எனக்கு முதல் மாட்டிலேயே சொல்லித் தந்திருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டாம் பல்லில் நிறுத்தினேன். “அசைவு?” என்றார். “இல்ல” என்றேன். வாயுவைக் குறைத்தார். கண்ணீர் கூடியது. மறுபடியும் இரண்டாம் பல். மாலை வரை அப்படித்தான். முதல் நாலு மாட்டுக்கும் மூன்றாம் பல். அதை எந்தப் பள்ளிவாசலிலும் நின்று சத்தியம் செய்வேன்.

எல்லோர் முன்னாலும் ‘சாலிஹ்’ என்று கூப்பிட்டதை நான் மன்னிக்கவில்லை. ‘நானா, கொஞ்சம் இஞ்சால வாங்கோ’ என்று தென்னைக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். பிறகு நானா என்று எத்தனையோ முறை கேட்டார்தான். அப்போது பிந்திவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் அப்படியே நினைத்தேன். இது மன்னிப்புக் கேட்கும் கட்டுரை இல்லை. அவர் கேட்டது மன்னிப்பு அல்ல, பதில்.

அன்று அங்கேயே மாஸ்டரிடம் பேனையை வாங்கினேன். ஐந்தாம் தாளின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் ‘இரண்டாம் பல்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்தத் தாளை வேறாக எடுத்து வையுங்கள் மாஸ்டர். மிச்சத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

ஏழு மாடு சரி, டொக்டர். போய் வாருங்கள்.